ஆண்மைக் குறைவும் நீரிழிவும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறந்து வரும் சங்கம் இது. உடலைப் பற்றிய அறிவும் கல்வியே. ஆதலின், மேடையில் பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேசத் துணிந்தோம்.

ஆண்மைக் குறைவை நம்மில் பலர் மானக்கேடாக எண்ணி, மனைவியிடமும் மருத்துவரிடமும் மறைக்கின்றனர். மனக்கவலையாலும் அது வரும். எனினும் பலருக்கு அது இரத்தக் குழாய்களின் நோயே. குழாய்ச் சுவரும் நரம்பு முனைகளும் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரித்தால்தான் உறுப்புக்குக் குருதி பாயும். இரத்த ஓட்டத்தில் அப்பொருளின் பணியைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்கள் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். சர்க்கரை மிகுந்தால் குழாய்ச் சுவரும் நரம்பும் கெடுகின்றன. தொப்பை பெருத்தால் ஆண்மைச் சுரப்பு குறைகிறது.

ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களினும் சிறியவை. சிறு வாய்க்கால் முதலில் தூர்ந்துபோவதைக் காவிரிக் கடைமடையில் வாழும் நாம் அறிவோம். எனவே இக்குறை, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

இது அயலூர்க் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோருள் நீரிழிவுடையோர் 11.4 விழுக்காடு, நம் போலகம் அடங்கிய புதுச்சேரியிலோ 26.3 விழுக்காடு. நால்வரில் ஒருவர்!

மறைப்பதால் விளைவதென்ன? விடுதி அறை வைத்தியரிடம் கூலிப் பணம் கரைகிறது. சிலர் கடையில் சில்டெனாபில் மாத்திரையை இரகசியமாக வாங்கி விழுங்குகின்றனர். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உண்பவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிரே போகக்கூடும். இதனிடையே, பிள்ளையில்லாப் பழியை ஒன்றுமறியா மனைவி சுமக்கிறாள். இந்த அநீதிக்கு நம் வீடுகளில் இடமிருக்கலாகாது.

இளைஞர்களே! அரை நாள் கூலி போயினும் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குறையை நாணாது கூறுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மறு சோதனையால் உறுதி செய்து மருத்துவம் தொடங்குங்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். புகையையும் மதுவையும் விலக்குங்கள், நாள்தோறும் நடங்கள்.

தந்தையர் வாய்திறவாது சுமந்த நோயை மைந்தர் கேட்டறிந்து தீர்த்துக்கொள்வார்களாயின், இச்சங்கம் தந்த கல்வி பயன் தந்ததென மகிழ்வோம்.