கோடைக்கு முன் கணக்கெடுப்போம்



சில ஆண்டுகளுக்கு முன்னர், புரட்டாதித் திங்களின் தொடக்கத்தில், எமது பாடசாலை மாணவன் ஒருவன் தொடர்ந்து பல நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. காரணம் அறிய அவன் வீட்டுக்குச் சென்றேன். ஐந்து பசுக்கள் நின்ற பட்டியில் இரண்டே எஞ்சியிருந்தன. ஒன்று மெலிந்து விழுந்து இறந்துவிட்டது. இரண்டைத் தரகர் ஒருவர் பாதி விலைக்குக் கொண்டுபோய்விட்டார். எஞ்சிய இரண்டையும் புல் தேடிச் சாய்த்துச் செல்வதே பையனின் வேலையாயிற்று. ஐப்பசியில் மழை பெய்தது; முற்றமெங்கும் புல் முளைத்தது. அதனை மேய்வதற்குத்தான் மாடுகள் இல்லை.

அக்குடும்பத்தினர் சோம்பர்கள் அல்லர். ஆனால் கோடை தொடங்குமுன் கணக்குப் பார்க்கவில்லை. யான் கால்நடை வைத்தியன் அல்லேன். கலை பயின்ற ஆசிரியன். ஆயினும் இது பெரிதும் கணக்கைப் பற்றிய காரியமாதலின், இன்று அதனையே பேசத் துணிந்தேன்.

எமது வட பகுதியில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய திங்கள்களிற் பெய்துவிடுகிறது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும், மாடுகள் அரிதாளை மேய்ந்து சில வாரங்களைக் கழிக்கும். பின்னர் சோளகக் காற்று வீசத் தொடங்கும், நிலம் காயும். ஆனி முதல் புரட்டாதி வரையுள்ள நான்கு திங்களே பட்டிக்குச் சோதனைக் காலம்.

நாட்டுப் பசு ஒன்று இருநூறு கிலோகிராம் நிறையுடையதெனக் கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் உலர்தீன் வேண்டும். நான்கு பசுக்களுக்கு 20 கிலோகிராம். 120 நாட்களுக்கு 2,400 கிலோகிராம். இத்தனை வைக்கோலைச் சேர்த்து வைக்க எத்தனை குடும்பங்களால் இயலும்? முன்னர் சூடடித்த களத்தில் வைக்கோல் தானாகவே குவிந்து கிடந்தது. இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் சிதறிச் செல்கிறது. பலர் தீயிட்டு எரித்துவிடுகின்றனர். தீயிடுமுன் வயற்காரரைக் கேட்டு வாரிக்கொண்டால், கூலியும் வண்டிச் செலவுமே ஆகும்.

வைக்கோல் குறைவாயின் மற்றைய பங்கை எங்கிருந்து பெறுவது? குளிர் நாடுகளில் இதே வினா மாரிக்காலத்தில் எழுகின்றது. அங்கே உலர்புல் வெட்டிச் சேர்ப்பது பெருஞ் செலவு. ஆதலின் அமெரிக்காவின் மிசூரி போன்ற மாநிலங்களில் சிறு பண்ணையாளர் பலர், கோடையின் பிற்பகுதியில் ஒரு பகுதி மேய்ச்சல் நிலத்தை மாடு புகாமல் அடைத்துவிடுகின்றனர். புல் நின்றபடியே மாரிக்குக் காத்திருக்கும். பின்னர் மின்வேலியை நாள்தோறும் சிறிது சிறிதாக நகர்த்தி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் மேயவிடுவர். நிலம் முழுவதையும் ஒருங்கே திறந்துவிட்டால், மாடு தின்பதிலும் மிதிப்பது மிகுதியாகும்.

இம்முறையில் நாம் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. மின்வேலி நமக்கு வேண்டியதில்லை. கயிறும் கட்டையும் போதும். குளத்து நீர் வற்ற வற்ற அலைகரையில் தோன்றும் புல்லிலும், பங்குனியிலேயே அடைத்துவைத்த காணித் துண்டிலும், கட்டையை நாள்தோறும் இடம் மாற்றிக் கட்டினால் அதே பயன் கிட்டும். ஆனால் அந்நாட்டுக் குளிர்காலப் புல் நின்றபடியே தன் சத்தைப் பெரிதும் காத்துக்கொள்ளும். எமது வெப்ப நிலத்துப் புல்லோ முற்றியதும் சத்திழந்து நாராகிவிடும். அது வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. வைக்கோலின் நிலையும் அதுவே. அதிலுள்ள புரதம் நூற்றுக்கு நான்கு பங்களவே. தீனில் ஏழு பங்கேனும் இல்லாவிடில், இரைப்பையில் நாரைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வைக்கோல் முன்னே கிடந்தும் மாடு மெலிவதன் காரணம் இதுவே.

இக்குறையை நிறைப்பது குழை. சீமைக்கிளுவை இலையின் உலர்நிறையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதம் உண்டு. அதன் மணத்தை மாடுகள் முதலில் விரும்புவதில்லை; ஒருநாள் வாடவிட்டுக் கொடுத்தாற் பழகிவிடும். இப்பிலிப்பில் குழையும் நன்றே. எனினும் அதில் ஒருவகை நச்சுப்பொருள் உண்டாதலின், மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேற் கொடுத்தலாகாது. பூவரசங்குழையும் கிழித்த பனையோலையும் நம் முன்னோர் கண்ட துணைகள். பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் பச்சைக்குழை கிடைத்தால், தீனிற் காற்பங்கு ஆயிற்று. நின்ற புல் மற்றொரு காற்பங்கு. வைக்கோல் 1,200 கிலோகிராம் அளவிற் போதுமாகும். நேயர்களே, வேலி என்பது எல்லைக்கு மட்டுமன்று. அது மாட்டின் களஞ்சியமுமாகும். மாரியில் நடும் கதியால்களில் ஒரு பகுதியேனும் சீமைக்கிளுவையாக இருக்கட்டும்.

உள்ள வைக்கோலையும் பண்படுத்தலாம். 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் இரண்டு வாரம் மூடிவைக்க வேண்டும். திறந்த பின் காரநெடி போகும்வரை காற்றாடவிட்டே கொடுக்க வேண்டும். யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிராபத்து. எஞ்சியதைத் தொட்டியில் விட்டுவைத்தலாகாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இவ்வைக்கோல் வேண்டாம். தண்ணீரை மறத்தலும் ஆகாது. வெயில் நாட்களில் பசு நாற்பது லீற்றரும் அதற்கு மேலும் குடிக்கும்.

இறுதியாக ஒன்று கூறுவேன். இத்தனையும் எண்ணிய பின்னரும் தீன் மூன்று பசுக்களுக்கே போதுமெனக் கணக்குக் காட்டினால், நான்காவதை வைகாசியிலேயே விற்றுவிடுக. மனத்துக்குக் கடினமே. ஆயினும் வைகாசியிற் கொழுத்து நிற்கும் பசுவுக்கு உரிய விலை கிடைக்கும்; ஆவணியில் விலா எலும்பு தெரிய நிற்கும் பசுவுக்குத் தரகர் சொன்னதே விலை. ஒன்றை விற்பது மூன்றைக் காப்பதாகும்.

யான் கூறிய அம்மாணவன் பின்னர் பாடசாலைக்குத் திரும்பினான். அடுத்த சித்திரையில், கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தன் வீட்டு இரண்டு பசுக்களுக்கும் 120 நாட்களுக்கான தீனை எழுதி என்னிடம் காட்டினான். பெருக்கலில் ஒரு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அவ்வாண்டு புரட்டாதியில் அவன் ஒரு நாளேனும் வகுப்புக்கு வராதிருந்ததில்லை.