மதுவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்



இன்று மதுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மது குடியைக் கெடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். நான் பேசப் போவது வேறு. நம் நாட்டில் யார் குடிக்கிறார்கள்? எதைக் குடிக்கிறார்கள்? எவ்வளவு குடிக்கிறார்கள்? இதை எப்படிக் கணக்கிடுவது? கணக்கிட்டால் நமக்கு என்ன பயன்?

ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுகாதார ஊழியர் வீடு வீடாக வருகிறார். எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் தெருவில் அதிகம் என்று எழுதிக்கொள்கிறார். அதன் பிறகுதான் எவ்வளவு மருந்து வேண்டும், எங்கே முகாம் போட வேண்டும் என்பது தெரியும். மதுவும் அப்படித்தான். கணக்குத் தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது. சட்டமும் சரியாகப் போட முடியாது.

கடைக் கணக்கு

எல்லோருக்கும் தெரிந்தது கடைக் கணக்கு. எத்தனை பாட்டில் விற்றது, எவ்வளவு வரி வந்தது என்று அரசாங்கம் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் பாட்டிலை மட்டும் எண்ணினால் போதாது.

ஒரு பெரிய பீர் பாட்டில் 650 மி.லி. அதில் 100க்கு 5 பங்குதான் ஆல்கஹால். அதாவது 32.5 மி.லி. ஒரு குவார்ட்டர் விஸ்கி 180 மி.லி. அதில் 100க்கு 42.8 பங்கு ஆல்கஹால். அதாவது 77 மி.லி. பாட்டில் சிறியது. போதையோ இரண்டு மடங்குக்கும் மேல்! அதனால்தான் அறிஞர்கள் பாட்டிலை எண்ணுவதில்லை. உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹாலைக் கணக்கிடுகிறார்கள். அதை 15 வயதுக்கு மேற்பட்ட மக்கள் தொகையால் வகுக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2016இல் இந்தியாவில் அந்த அளவு 5.7 லிட்டர் என்று அது மதிப்பிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது சராசரி. ஒரு கிராமத்தில் 100 பேர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 300 லிட்டர் ஆல்கஹால் செலவாகிறது. சராசரி ஆளுக்கு 3 லிட்டர். ஆனால் குடிப்பவர் 15 பேர்தான் என்றால்? அவர்கள் ஒவ்வொருவரும் 20 லிட்டர் குடிக்கிறார்கள்! சராசரியை மட்டும் பார்த்தால், "கொஞ்சம்தானே" என்று தோன்றும். அந்த 15 வீடுகளில் நடப்பது தெரியாது.

கணக்கில் வராத சாராயம்

கடைக்கு வராத சாராயமும் உண்டு. வீட்டில் வடிப்பது, திருட்டுத்தனமாகக் காய்ச்சுவது எல்லாம் எந்த ஏட்டிலும் ஏறாது.

குஜராத்தில் 1960 முதல் மதுவிலக்கு இருக்கிறது. அங்கே 2022 ஜூலையில் விஷச் சாராயம் குடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. அதற்குப் பின் 2019-20இல் அங்கே வீடு வீடாகக் கேட்டார்கள். ஆண்களில் 100க்கு 15 பேருக்கு மேல் குடிப்பதாகச் சொன்னார்கள். கடைக் கணக்குப்படி அங்கே விற்பனை பூஜ்யம்!

கடை இருக்கும் இடத்திலும் இது நடக்கிறது. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இதனால் மதுவிலக்கு வேண்டும் என்றோ, வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. கடை ஏட்டை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம் என்றுதான் சொல்கிறேன்.

வீட்டுக் கணக்கு

ஆகவே மக்களிடமே கேட்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. அது 2019 முதல் 2021 வரை நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100க்கு 19 பேர் குடிக்கிறார்கள் என்று அது சொன்னது. பெண்களில் 100க்கு 1 பேர்.

ஆனால் எல்லா மாநிலமும் ஒன்று அல்ல. அருணாசலப் பிரதேசத்தில் ஆண்களில் 100க்கு 53 பேர். பெண்களில் 100க்கு 24 பேர். அங்கே ஆண்களுக்கு மட்டும் ஒரு திட்டம் போட்டால் அது உருப்படுமா? இடத்துக்குத் தக்க கணக்கு வேண்டும். கணக்குக்குத் தக்க திட்டம் வேண்டும்.

வீட்டுக் கணக்கிலும் குறை உண்டு. குடிப்பதை மறைக்கிறோம். மூன்று குவார்ட்டரை ஒன்று என்கிறோம். வெட்கம் ஒரு காரணம். பக்கத்தில் ஆள் நிற்பது இன்னொரு காரணம். அதனால்தான் கணக்கெடுப்பவர் தனியாகப் பேச வேண்டும் என்கிறார்கள். கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் விபத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிக் கொடுக்கும்.

கணக்கு சொன்ன உண்மை

டில்லியில் உள்ள எய்ம்ஸ் மருத்துவ நிறுவனம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. 2 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். 4 லட்சத்து 73 ஆயிரம் பேரிடம் பேசினார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்குக் குடியால் வந்த தொல்லைக்கு உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மீதி 37 பேர்?

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததே கணக்குதான். எத்தனை சிகிச்சை மையம் வேண்டும், எந்த மாவட்டத்தில் வேண்டும், கடை நேரத்தைக் குறைக்கலாமா, வரியை ஏற்றலாமா என்று முடிவு செய்ய இது உதவும். விற்பனை கூடினால் வருவாய்த் துறை மகிழும். சுகாதாரத் துறையோ கவலைப்பட வேண்டும். நாம் அதிகம் கேள்விப்படுவது ரூபாய்க் கணக்கு. நமக்கு வேண்டியது ஆள் கணக்கு.

எழுத்தும் எண்ணும்

எழுத்தறிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பெண்கள் இரவில் படிக்க வந்தார்கள். பாடத்தில் சாராயத்தை எதிர்த்த ஒரு பெண்ணின் கதை இருந்தது. படித்தார்கள், பேசினார்கள். ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரா முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. ஆனாலும் எழுத்துக் கற்ற பெண்கள் அரசாங்கத்தையே கணக்குக் கேட்டார்கள் என்பது வரலாறு.

நாம் செய்யக்கூடியது என்ன? கணக்கெடுக்க வந்தால் உண்மையைச் சொல்வோம். அந்த விவரம் போலீசுக்குப் போவதற்காகக் கேட்பதில்லை. திட்டம் தீட்டக் கேட்பது. வீட்டிலும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நாளைக்கு 150 ரூபாய் குடிக்குப் போனால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். குடியை விட விரும்புகிறவர் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நம் வீட்டுக் கஷ்டம் கணக்கில் ஏறினால்தான் அதற்கு ஒரு திட்டம் வரும். கணக்கில் ஏறாத கண்ணீரை யாரும் பார்க்க மாட்டார்கள்.



கூடிப் பேசுங்கள்

1. ஒரு பெரிய பாட்டில் பீர், ஒரு குவார்ட்டர் விஸ்கி. எதில் ஆல்கஹால் அதிகம்? எவ்வளவு அதிகம்?

2. கடைக் கணக்கில் வராத சாராயம் உங்கள் பகுதியில் உண்டா? அதனால் என்ன ஆபத்து?

3. குடிப்பதைப் பற்றிக் கேட்டால் ஏன் மறைக்கிறோம்? மறைத்தால் நட்டம் யாருக்கு?