குளிர்காலப் பயிற்சிக்கு எவ்வூர்?



ஐரோப்பாவில் மிதிவண்டிப் பந்தயத்தில் ஈடுபடுவோருக்கு மார்கழி பிறந்தால் ஒரு கவலையும் உடன் பிறந்துவிடும். சாலையில் பனி உறைந்து கிடக்கும். லண்டனில் டிசம்பர்த் திங்களின் இறுதியில் பகற்பொழுது எட்டு மணி நேரம்கூட நிறைவதில்லை. விரல்கள் விறைத்துப் போனால் பிரேக்கைப் பிடிக்க இயலாது. ஆகவே அவர்கள் வெயிலைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஸ்பெயின் நாட்டுக்குரிய மயோர்க்காத் தீவும், ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள டெனரீஃபுத் தீவும் அவர்களுக்குப் பேர்போன பாசறைகள். டெனரீஃபின் நடுவே 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டே என்னும் எரிமலை நிற்கிறது. கரையிலே வெயில், ஏறுவதற்கு மலை; மிதிவண்டியோட்டிக்கு வேறென்ன வேண்டும்?

உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். டெனரீஃபும் நம் தலைநகரான டில்லியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 28 பாகை வடக்கில் இருக்கின்றன. ஆயினும் சனவரி விடியலில் டில்லியில் பற்கள் கிட்டும். டெனரீஃபுக் கரையில் மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றே போதும். காரணம் கடல். நீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் இயல்புடையது; கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் சிறுகச் சிறுகக் கரைக்குத் திருப்பித் தருகிறது.

அத்தகைய கடல் எங்கள் வாசலிலும் உண்டு. நான் வாழும் நெட்டுக்குப்பம், எண்ணூரில் கொசத்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர். சென்னையில் சனவரித் திங்களின் விடியற்காலை வெப்பம் சுமார் 21 பாகை. பகலில் 29, 30 வரை ஏறும். ஐரோப்பியர் விமானம் ஏறித் தேடிச் செல்லும் வெப்பத்தைவிட இது மிகுதி. வடதிசைக் குளிரை விட்டு உள்ளான்களும் வாத்துகளும் எங்களுக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில் வந்து இறங்குவது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஆகவேதான், நான் பயிற்சி அளிக்கும் பிள்ளைகளுள் ஒருவன், “ஐயா, பறவைகளே இங்கு வருகின்றன, நாம் ஏன் வெளியூர் போக வேண்டும்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வெப்பத்துக்காகவே என்றால் நாங்கள் ஓரடியும் நகர வேண்டுவதில்லை. எங்களுக்கு வேண்டுவது வேறு. அமைதியாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்க் காற்றை உள்ளிழுக்கிறார். பயின்ற இளைஞன் முழு மூச்சோடு மிதிக்கும்போது அவ்வளவு 100 லிட்டரையும் கடந்துவிடும். அந்த 100 லிட்டரில் என்ன கலந்திருக்கிறது என்பதே என் கவலை. துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்குப்பெட்டி லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சுற்றிலும் ஆலைகள். மார்கழி, தை விடியல்களில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்க, அதன் மேலே வெப்பக் காற்று மூடிபோல் அமைந்துவிடுகிறது. புகை மேலெழ வழியில்லை. பயிற்சிக்கு மிக இனிமையாகத் தோன்றும் நேரமே மூச்சுக்கு மிகத் தீங்கான நேரமாகவும் ஆகிவிடுகிறது! 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவிற்று. அத்திங்களின் இறுதியில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்தது. அக்காலத்தில் எங்கள் பிள்ளைகளிடம் ‘ஆழ்ந்து மூச்சு விடுங்கள்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆக, மேல்நாட்டார் வெயிலுக்காகச் செல்கிறார்கள். நாங்கள் காற்றுக்காகச் செல்கிறோம்.

எப்போது செல்வது? ஐப்பசியும் கார்த்திகையும் ஆகா. சென்னையின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. டிசம்பரிலும் புயலை நம்ப முடியாது. தை பிறந்த பின்னரே சாலை உலரும். போகி விடியலில் மட்டும் வண்டியை வெளியே எடுக்கலாகாது. 2018-ஆம் ஆண்டு போகியன்று புகை மூடியதால் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். பொங்கலன்று பிள்ளையை வெளியூர் அனுப்ப எந்தத் தாயும் இசையமாட்டாள். எனவே மாட்டுப் பொங்கல் இரவு ரயில் ஏறுவதே எங்கள் வழக்கம்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போய் வருவோம். லாரி குறைந்த விடியலில் மீஞ்சூரைக் கடந்துவிட்டால், பொன்னேரிக்கு அப்பால் வயல்களின் நடுவே வழி. டச்சுக்காரர் 1613-இல் கோட்டை எழுப்பிய ஊர் அது. எங்கள் பக்கத்தில் மேடே இல்லை. அக்குறையை வாடைக்காற்று தீர்க்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே வடக்கு நோக்கி வாடையை எதிர்த்து மிதிப்பது மலையேறுவதற்கு ஒப்பாகும். களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். போகும்போதே காற்றின் துணையை அனுபவித்துவிட்டு வரும்போது அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீண்ட பயணத்துக்கு எவ்வூர்? உதகை என்றார் ஒருவர். தையில் அங்கே புல்லெல்லாம் உறைபனி. ஐரோப்பியர் அஞ்சி ஓடிய குளிரை நாம் போய்த் தேடுவதா? வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை அழகியதுதான். ஆனால் 70 கொண்டையூசி வளைவுகள்! பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியை வைத்துக்கொண்டு அதில் ஏறச் சொல்வது கொடுமை. இராமேசுவரம் வெதுவெதுப்பானது, ஆனால் ஏற்றமில்லை. என் தேர்வு ஏலகிரி. சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள சோலையார்பேட்டையில் இறங்கினால் மலையடிவாரம் அருகே. அங்கும் ஒரு பொன்னேரி உண்டு. அவ்வூரிலிருந்தே மலைப்பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம், 14 வளைவுகள். அவ்வளைவுகளுக்குப் புலவர், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது கபிலரையும் பாரியையும் காண்பது தமிழ் மாணவனுக்கு ஒரு தெம்பு!

நாங்கள் மலைமேல் தங்குவதில்லை. இரவில் அங்குப் போர்வை வேண்டும், அடிவாரத்தில் வேண்டாம். வெயில் சற்று ஏறியபின் காலை ஏழரைக்குப் புறப்படுகிறோம். ஒற்றைப் பல்சக்கர வண்டியுள்ளவர் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளலாம், அதில் இழிவில்லை. உச்சியில் நிலக்கடலையும் வாழைப்பழமும். இறங்குமுன் வியர்வை நனைந்த சட்டைக்குள் மார்புப் பக்கம் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பந்தயக்காரரும் கையாளும் பழைய முறை இது. குளிர்காற்று நெஞ்சில் படாது. இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும், கட்டை தேயும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றொன்று: உப்புக்காற்று உங்கள் செயினையும் பிரேக் கம்பியையும் கண்ணுக்குத் தெரியாமல் அரித்திருக்கும். ரயிலில் ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே அவற்றைக் கழற்றிப் பார்த்து, துரு ஏறிய கம்பியை மாற்றிவிடுங்கள்.