திருத்துகிற கடையிலிருந்து இணையக் காவல் வரை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது பாலையூற்றில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையப் பாதுகாப்புக் கம்பனி ஒன்று எப்படித் தொடங்குகிறது, எப்படி வளர்கிறது என்று பேசும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளில் சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசைப்படுகிறார்களாம். பேசுகிறேன். ஆனால் போன வருடம் எங்கள் சங்கத்துக்குள்ளேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனமில்லை. பொருளாளர் அக்காவிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு பிள்ளை, இனி மறைச்சு என்னத்துக்கு" என்றார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

1990இல் எங்கள் குடும்பமும் படகேறியது. இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு சென்னை. அங்கே ஒரு மாடிக் கட்டடத்தில் கணினி வகுப்புக்குச் சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்: "வெளியிலிருந்து பிளொப்பி கொண்டுவரக் கூடாது. வைரஸ்!" செருப்பில் வருகிற தூசுதான் வைரஸ் என்று ஒரு மாதம்வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம்.

ஐபிஎம் வகைத் தனியாள் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் எங்கள் தெற்காசியாவில் பிறந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1986இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதியது. பெயர் 'பிரெய்ன்'. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் காசு கொடுக்காமல் பிரதி எடுக்கிறவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். அதற்குள்ளே தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் எல்லாம் போட்டிருந்தார்கள்! அது பிளொப்பி பிளொப்பியாக ஏறி அமெரிக்காவரை போயிற்று. அங்கிருந்தெல்லாம் லாகூர்க் கடைக்குத் தொலைபேசி அழைப்புகள்.

நோயைப் பரப்பியது ஒரு சகோதரர் சோடி என்றால், மருந்து விற்று வளர்ந்ததும் இன்னொரு சகோதரர் சோடிதான். இவர்கள் மகாராஷ்டிராவின் புனே நகரைச் சேர்ந்தவர்கள். மூத்தவர் கைலாஷ் காட்கர், இளையவர் சஞ்சய் காட்கர். கைலாஷ் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கணக்குப்பொறி திருத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வங்கிகளில் மேசைக்கு மேசை கணக்குப்பொறி இருக்கும். பழுதானால் போய்த் திருத்திக் கொடுக்க வேண்டும். அப்படிப் போன வங்கியொன்றில்தான் முதன்முதலில் கணினியைப் பார்த்தார். இந்தப் பொறி வந்தால் நான் திருத்துகிற பொறிக்கு வேலையில்லை என்று அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கணினியைத் திருத்தப் பழகினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு சிறிய திருத்துமிடம் திறந்தார். தம்பியைக் கணினி படிக்க வைத்தார்.

கடைக்கு வந்த கணினிகளில் பலவற்றுக்கு உறுப்பில் ஒரு பழுதும் இல்லை. வைரஸ் பிடித்திருந்தது. அப்போது மைக்கேல் ஆஞ்சலோ என்றொரு வைரஸ், அந்தச் சிற்பியின் பிறந்தநாளான மார்ச் 6ஆம் திகதி கணினியைத் திறந்தால் தட்டிலுள்ளதையெல்லாம் அழித்துவிடும். தம்பி சஞ்சய் ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனியாக ஒரு சிறு நிரல் எழுதினார். அண்ணன் அதை வாடிக்கையாளரின் கணினியில் போட்டுத் துப்புரவாக்கிக் கொடுத்தார். போன வைரஸ் அடுத்த மாதம் திரும்பி வந்தது, வாடிக்கையாளரும் வந்தார். அப்படியானால் கணினியிலேயே குடியிருந்து காவல் பார்க்கிற ஒன்றை எழுதி விற்றால் என்ன என்று தோன்றியது. 1993இல் கேட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் 'குவிக் ஹீல்' சந்தைக்கு வந்தது.

சென்னையிலும் இதே காலத்தில் இதே வேலை நடந்தது. 1991இல் கேசவர்த்தனன் என்ற தமிழர் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு நான் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்த நகரத்தில் ஒருவர் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போயிற்று. கே7 பிறகு ஜப்பானியச் சந்தைக்குள் நுழைந்து அங்கே நன்றாகக் காலூன்றியது. தரத்தில் அவ்வளவு கண்டிப்பான நாட்டில் சென்னைச் சரக்கு விற்றது என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இனி, தொழில் தொடங்க ஆசைப்படுகிற பிள்ளைகள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கோ. இந்த வியாபாரத்தின் கணக்கு வேறு மாதிரி. மேசை விற்றால் விற்றதோடு சரி. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் விற்றவருக்கு விற்ற அன்றைக்குத்தான் வேலை தொடங்குகிறது. நாளுக்கு நாள் புதிய கிருமி வருகிறது. ஒவ்வொன்றையும் பிடித்துப் பிரித்துப் பார்த்து, அதன் அடையாளத்தைக் குறித்து, அந்தக் குறிப்பை எல்லா வாடிக்கையாளரின் கணினிக்கும் அனுப்ப வேண்டும். முதலில் பிளொப்பியில் போனது பிறகு இணையத்தில் போயிற்று. அதனால்தான் வருடாவருடம் சந்தா வாங்குகிறார்கள். சந்தா புதுப்பிக்கிறவர்கள் தொகை கூடக்கூடத்தான் கம்பனி நிலைக்கும். குவிக் ஹீல் விளம்பரத்தை மட்டும் நம்பவில்லை. ஊர் ஊராக இருந்த கணினி திருத்துகிற கடைக்காரர்களையே விற்பனையாளராக்கினார்கள். வைரஸால் அவதிப்படுகிறவர் முதலில் ஓடுவது அந்தக் கடைக்குத்தானே. தானும் அப்படி ஒரு கடையில் நின்றவர் என்பதால் கைலாஷுக்கு அது தெரிந்திருந்தது.

2007இல் கம்பனியின் பெயரையே குவிக் ஹீல் டெக்னொலஜீஸ் என்று மாற்றினார்கள். 2010இல் செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி இந்திய ரூபாய் போட்டது. 2016 பெப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். கடை திறந்ததிலிருந்து எண்ணினால் கால் நூற்றாண்டு. ஒரே வருடத்தில் கோடீஸ்வரரான கதைகள் பேஸ்புக்கில் வரும்போது இந்த 25 வருடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கோ.

இதற்கிடையில் ஆபத்தின் உருவமே மாறிவிட்டது. வீட்டுக் கணினியைக் குழப்பி வேடிக்கை பார்த்தவர்கள் போய், நிறுவனங்களுக்குள் நுழைந்து காசு பறிக்கிறவர்கள் வந்தார்கள். குவிக் ஹீலும் நிறுவனங்களுக்கென்று 'செக்ரைட்' என்ற தனிப்பிரிவை உண்டாக்கியது. நிறுவனத்துக்குக் காவல் என்பது யார் உள்ளே வருகிறார், எந்தக் கணக்கு நடுச்சாமத்தில் திறக்கிறது, எந்தக் கோப்பு வெளியே போகிறது என்று இரவும் பகலும் ஆள் வைத்துப் பார்ப்பது. நான் கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் செய்த வேலையும் அதுதான். பத்தில் ஒன்பது எச்சரிக்கை மணி வீணாக அடிக்கும். அலுத்துப் போய் அந்தப் பத்தாவதை விட்டுவிடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். வேலை கேட்டு வந்த மின்னஞ்சல் ஒன்றின் மூலம் உள்ளே நுழைந்தவர்கள், ஏறக்குறைய ஒரு வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, நியூயோர்க்கில் அந்த வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரை அனுப்பச் சொல்லிக் கட்டளைகள் போட்டார்கள். டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. 20 மில்லியன் எங்கள் நாட்டுக்கு, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கியில் ஒருவர் அந்தப் பிழையைக் கண்டு, இது சரிதானா என்று கேட்டார். அந்தக் கேள்வியால் 20 மில்லியன் டொலரும் திரும்பிப் போயிற்று. சொல்வதெழுதுதலில் எங்களுக்குப் புள்ளி வெட்டிய ரீச்சர்மார் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கேட்டுக்கொள்ளுங்கோ.

எங்கள் அரசாங்கமும் தப்பவில்லை. 2023இல் அரச மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கிற நிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பு. இந்தத் துறைமுகக்காரருக்கு இது புதிதல்ல. 1782இல் ஒரே வருடத்தில் திருகோணமலை இரண்டு தடவை கைமாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கு, ஓகஸ்ட் கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கு. இரண்டு முறையும் ஆட்கள் கரையிறங்கித் தரை வழியாகவே வந்தார்கள். கோட்டை கட்டினால் போதாது, அதற்குள் ஆளும் மருந்தும் இருக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, பொருளாளர் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி. எங்கள் உறுப்பினர் ஒருவரின் எண்ணிலிருந்துதான் வந்தது: "அக்கா, தவறுதலாக உங்களுடைய போனுக்கு ஆறு இலக்கம் ஒன்று வந்திருக்கும், அனுப்பிவிடுங்கோ." அக்கா அனுப்பினார். அந்த உறுப்பினரின் கணக்கு முதல் நாளே பறிபோயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு இலக்கத்தையும் கொடுத்த சில நிமிடத்தில் அக்காவின் வட்ஸ்அப் வேறொருவன் கையில். பழைய உரையாடல்கள் அவனுக்குத் தெரியாது. ஆனால் 'நூற்றாண்டு மலர்' என்ற குழுவின் பெயரும் உறுப்பினர் எண்களும் தெரிந்தன. அது போதும். "அச்சகத்துக்கு இன்றைக்கே முற்பணம் கட்ட வேண்டும், சங்கக் கணக்கில் ஒரு தடை, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று தனித்தனியாக எழுதினான்.

மூன்று பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர், ஓய்வூதியக் காசில். இலண்டனிலிருந்த ஒரு தோழிதான் முதலில் சந்தேகப்பட்டார். "அன்பான சகோதரி என்று வந்திருக்கு. அக்கா எனக்கு ஒருநாளும் அப்படி எழுதினதில்லை, 'எடி பிள்ளை' என்றுதான் எழுதுவா" என்று நேரே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அதோடு நின்றது. ஆனாலும் கணக்கைத் திரும்பப் பெற ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. எடுத்தவன் அதற்குத் தன்னுடைய இரகசிய எண்ணைப் போட்டுவிட்டான்.

அந்த இரகசிய எண்ணை நாங்கள் முதலே போட்டிருந்தால் அவனால் உள்ளே வந்திருக்க முடியாது. வட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று இருக்கிறது, போடுவதற்கு இரண்டு நிமிடம். ஆறு மாதத்துக்கு முன்பே செயற்குழு என்னிடம் கேட்டது, "நீ வங்கியில் இதைத்தானே பார்க்கிறாய், எங்கள் எல்லோருடைய போனையும் ஒருக்கால் பார்த்துவிடு" என்று. அடுத்த லீவுக்கு வந்து செய்கிறேன் என்றேன். அடுத்த லீவுக்கு வந்தபோது மழை. அதற்கடுத்த முறை கலியாண வீடு. ஊர் வங்கியின் வாசலில் காவல் நின்ற நான் என் சொந்தப் பாடசாலையின் கதவைப் பூட்ட நேரம் ஒதுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் அனுமதி கேட்டேன்.

இன்னொன்று. காசு அனுப்பிய மூவரில் இரண்டு பேர் இரண்டு மாதம்வரை வாய் திறக்கவில்லை. வெட்கம். அன்றைக்கே சொல்லியிருந்தால் வங்கியில் பேசிப் பார்த்திருக்கலாம், முறைப்பாடு செய்திருக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2006இலிருந்து இலங்கைக் கணினி அவசர தயார்நிலைக் குழு இயங்குகிறது; 101 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ஏமாந்தவருக்கு வெட்கம், ஏமாற்றியவனுக்கு இல்லை. இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ரீச்சர், நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். செருப்புத் தூசுதான் வைரஸ் என்று ஒரு மாதம் நம்பியவள் நான்.

தொழில் தொடங்குவதைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கடற்றொழிலாளர் சங்கம், கூட்டுறவுக் கடை, தனியார் மருத்துவமனை, பாடசாலை, எங்களைப் போன்ற பழைய மாணவியர் சங்கம், இவற்றுக்கெல்லாம் தமிழில் விளங்கப்படுத்தி, போனைக் கையில் வாங்கிச் செய்துகொடுக்க ஆள் தேவை. பெரிய கம்பனிகள் இந்த அளவுக்குக் கீழே இறங்கி வருவதில்லை. காசு உடனே வராது. பெரும்பாலும் அடிபட்ட பிறகுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முதல் கூப்பிட வைப்பதுதான் கஷ்டமான வேலை. உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் மூன்று தங்கைமார் என்னோடு இன்றைக்கு உதவிக்கு நிற்கிறார்கள்.

தேநீர் நேரத்தில் மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். கண்ணாடியையும் போனையும் கொண்டு வாருங்கோ. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கத்தைய சிம்மைக் கழற்றி வைத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கோ. உங்கள் கைகளாலேயே எண்ணைப் போட வைப்போம். அந்த எண்ணை எங்களில் யாருக்கும் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். முதல் ஆளாகப் பொருளாளர் அக்கா வருகிறார்.