ரேடாரின் கண்ணை மறைத்தல்



பாரதப் போரின் பதினான்காம் நாள் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். கதிரவன் மறையுமுன் சயத்திரதனைக் கொல்வேன், அன்றேல் தீப்புகுவேன் என்று அருச்சுனன் சூளுரைத்திருந்தான். சயத்திரதனோ படைகளின் நடுவே ஒளிந்து நின்றான். கண்ணன் தன் சக்கரத்தால் கதிரவனை மறைத்தான். பொழுது சாய்ந்துவிட்டதென்று நம்பிய சயத்திரதன் வெளியே தலைகாட்டினான். சக்கரம் விலகிற்று, அம்பு பாய்ந்தது. கண்ணன் உண்டாக்கிய இருள் எவ்வளவு அடர்த்தியானது என்று அன்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அவ்விருளைக் கண்ட சயத்திரதன் என்ன செய்தான் என்பதே அதன் வெற்றிக்கு அளவாயிற்று.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். வரலாறு கற்பிக்கும் ஒரு பாடசாலை அதிபர். ஆயினும் ஆண்டுதோறும் மாணவரின் பெறுபேறுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று ஆராய்வது என் தொழிலின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தோடு இரண்டாம் உலகப் போரின் வரலாற்றிலே ஒரு பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். ரேடார் என்னும் கருவியின் பார்வையைக் கெடுக்க அக்காலத்தவர் கையாண்ட உபாயங்களையும், அவற்றின் பயனை அவர்கள் அளந்த முறையையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ரேடார் எவ்வாறு பார்க்கின்றது? இருண்ட வயல்வெளியிலே காணாமற்போன பசுவை மின்சூள் கொண்டு தேடுபவனை எண்ணிப் பாருங்கள். அவன் பாய்ச்சும் ஒளி பசுவின் மீது பட்டுத் திரும்பி அவன் கண்ணை வந்தடைகின்றது. ரேடாரும் அவ்வாறே வானொலி அலைகளை விட்டுவிட்டுப் பாய்ச்சி, விமானத்திலோ கப்பலிலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கின்றது. எதிரொலி வந்த திசை பொருளின் திசையைக் காட்டும். அது வந்துசேரப் பிடித்த நேரம் பொருளின் தூரத்தைக் காட்டும்.

இந்தத் தேடலைக் கெடுக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தேடுபவனின் கண்ணுக்கு நேரே வேறொரு விளக்கைப் பிடிப்பது. எதிரியின் ரேடார் இயங்கும் அதே அலைவரிசையில் வெறும் இரைச்சலைப் பலமாக ஒலிபரப்பினால், மெல்லிய எதிரொலி அதில் அமிழ்ந்துவிடும். இரண்டாவது, வயலெங்கும் கண்ணாடித் துண்டுகளைத் தூவிவிடுவது. எங்கு ஒளியைப் பாய்ச்சினும் ஏதோவொன்று பளபளக்கும்; அவற்றுள் பசுவின் கண் எது என்று தெரியாது. மூன்றாவது, இல்லாத பசுவை இருப்பதுபோற் காட்டுவது. 1944 ஜூன் மாதம் நோர்மண்டிக் கரையிலே நேச நாட்டுப் படைகள் இறங்கிய இரவில், பிரித்தானிய விமானப்படையின் 617 ஆம் அணி இவ்வேலையைச் செய்தது. அதன் விமானங்கள் உலோகக் கீற்றுகளைத் தூவியவாறு நீள்வட்டங்களாகச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக முன்னேறின. கரையிலிருந்த ரேடார்த் திரைக்கு அது மெல்ல ஊர்ந்துவரும் ஒரு கப்பற்கூட்டம் போலத் தோன்றும்படி திட்டமிடப்பட்டிருந்தது.

இனி, இவற்றை எவ்வாறு அளப்பது? பொறியியலாளரின் அளவுகோலை முதலிற் கேளுங்கள். ரேடார் அனுப்பும் அலை பொருள் வரை சென்று மீண்டும் வரவேண்டும்; அது போகும்போதும் தேய்கின்றது, வரும்போதும் தேய்கின்றது. இரைச்சலோ விமானத்திலிருந்து ரேடாருக்கு ஒருவழிப் பயணமே செய்கின்றது. ஆகவே தொலைவில் இரைச்சலுக்கே வெற்றி. ஆனால் விமானம் அணுகி வருகையில் நிலைமை மாறுகின்றது. தூரம் பாதியாகக் குறைந்தால் இரைச்சல் 4 மடங்காகும். எதிரொலியோ 16 மடங்காகும். ஓரிடத்தில் எதிரொலி இரைச்சலை வென்று திரையில் வெளிப்பட்டே தீரும். விமானம் எத்தனை மைல் தொலைவு வரை மறைந்து வரமுடிந்தது என்று கணக்கிட்டு, இரைச்சற் கருவிகளின் தரத்தை மதிப்பிடுவார்கள். எந்த இரைச்சலும் நிலையான திரையன்று, சிறிது காலத்துக்கான திரையே என்பதை இக்கணக்கு நமக்குக் காட்டுகின்றது.

ஆயினும் ரேடாரின் முன் ஒரு மனிதன் அமர்ந்திருக்கின்றான். அவன் மனத்தை எந்தக் கணக்கினால் அளப்பது? 1942 பெப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசனௌ, பிரின்ஸ் ஒய்கன் என்னும் மூன்று பெரிய ஜேர்மன் போர்க்கப்பல்கள் பிரான்சின் பிரெஸ்ற் துறைமுகத்தில் இருந்தன. அவை பிரித்தானியாவின் வாயிற்படியாகிய ஆங்கிலக் கால்வாய் ஊடாகத் தாயகம் திரும்ப வேண்டியிருந்தது. கரையோர ரேடார்களைத் திடீரெனப் பலத்த இரைச்சலால் மூடியிருந்தால் பிரித்தானியர் உடனே விழித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஜேர்மானியர் பல நாள்களுக்கு முன்னரே இலேசான இரைச்சலுடன் தொடங்கினர். நாளுக்கு நாள் அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். திரைமுன் இருந்தோர் அதனை வானிலைக் கோளாறு என்றெண்ணிப் பழகிப்போயினர். பெப்ரவரி 12 ஆம் நாள், பட்டப்பகலில், அக்கப்பல்கள் டோவர் நீரிணையைக் கடந்தன.

செய்தி தாமதமாகவே தெரியவந்தது. சுவோர்ட்பிஷ் என்னும் ஆறு பழைய விமானங்கள் போதிய துணையின்றித் தாக்கச் சென்றன. ஆறும் வீழ்ந்தன; அவற்றிலிருந்த 18 பேரில் 13 பேர் மாண்டனர். அன்றைய பிழைகளுக்குக் காரணங்கள் பல. ரேடார் ஒன்றின்மீதே பழியைச் சுமத்துதல் நேர்மையாகாது. ஆனால் இரைச்சலின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நாள்களின் பலம் புலப்படாது. பலமான இரைச்சல் எச்சரிக்கையாகும். மெல்ல வளரும் இரைச்சல் வழக்கமாகிவிடும். வகுப்பறையின் பின்வாங்கிலே நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடும் சலசலப்பை ஆசிரியர் உணராதிருப்பது போன்றதே இதுவும்.

அடுத்து, கண்ணாடித் துண்டுகளின் கதைக்கு வருவோம். பிரித்தானியர் அதற்கு 'சாளரம்' என்று பொருள்படும் 'விண்டோ' என்னும் மறைபெயரை இட்டனர். ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டிய கடதாசிக் கீற்றுகளே அவை. ஜேர்மானியரின் வூர்ஸ்பேர்க் ரேடார் ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலையில் இயங்கிற்று. அந்நீளத்திற் பாதியளவாக, ஏறத்தாழ 27 சென்ரிமீற்றரில் ஒரு கீற்றை வெட்டினால், அது அவ்வலையை மிக நன்றாகத் திருப்பி அனுப்பும். கட்டு ஒன்றுக்கு 2,200 கீற்றுகள். ஒரு கட்டு அவிழ்ந்து காற்றிலே மிதந்தால், ரேடார்த் திரையில் ஒரு பெரிய விமானம் தோன்றும்.

1942 இல் ஜோன் கரன் என்னும் பெண் விஞ்ஞானி இதன் ஆய்வில் முன்னின்றார். ஆயினும் அவ்வாண்டிலேயே ஆயத்தமாயிருந்த இவ்வுபாயம் 1943 ஜூலை வரை பூட்டி வைக்கப்பட்டது. ஏன்? நாம் பயன்படுத்தினால் எதிரி கற்றுக்கொள்வான், அதே கடதாசியை நம் தலைமீது தூவுவான் என்ற அச்சமே காரணம். விந்தை என்னவெனில், ஜேர்மானியரும் இதனைக் கண்டறிந்து, 'டியூப்பல்' என்று பெயரிட்டு, அதே அச்சத்தினால் பூட்டி வைத்திருந்தனர். ஒரே வினாவுக்கு ஒரே விடையை எழுதிய இரு மாணவர், ஒருவர் பார்த்து மற்றவர் எழுதிவிடுவாரோ என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டது போலாயிற்று. பிரித்தானியர் காத்திருந்த அம்மாதங்களில் அவர்களின் குண்டுவீச்சு விமானிகள் இரவுதோறும் மாண்டுகொண்டிருந்தனர். பயன்படுத்துவதால் வரும் நட்டத்தை அஞ்சி அஞ்சி எண்ணியவர்கள், பயன்படுத்தாமையால் வரும் நட்டத்தை அத்துணைக் கவனமாக எண்ணினார்களா என்பது வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா.

1943 ஜூலை 24 ஆம் நாள் இரவு 791 விமானங்கள் ஹம்பர்க் நகரை நோக்கிப் புறப்பட்டன. நிமிடத்துக்கு ஒரு கட்டாகக் கீற்றுகள் வீசப்பட்டன. தரையிலிருந்த ரேடார்களும், இரவுப்போர் விமானங்களிலிருந்த ரேடார்களும் எண்ணற்ற பொய் எதிரொலிகளால் நிறைந்தன. தேடொளி விளக்குகள் குறியின்றி அலைந்தன. திரும்பி வராத விமானங்கள் 12 மட்டுமே. அதாவது நூற்றுக்கு ஒன்றரை. அதற்கு முன் அந்நகரின்மீது நடந்த தாக்குதல்களில் நூற்றுக்கு ஆறளவில் விமானங்கள் வீழ்ந்திருந்தன. அந்தக் கணக்கின்படி 47 விமானங்கள் வீழ்ந்திருக்க வேண்டும். 35 விமானங்களைக் கடதாசி காப்பாற்றிற்று எனலாம். விமானம் ஒன்றில் ஏழு பேர் எனக் கொள்வோமாயின், 245 இளைஞர் மறுநாட் காலை உணவுக்குத் திரும்பி வந்தனர்.

ஒரு தவணையின் புள்ளியைக் கொண்டு மாணவனின் தரத்தை முடிவு செய்யலாகாது என்பதை ஆசிரியர் அறிவர். அடுத்த பத்து நாள்களுள் ஹம்பர்க்மீது மேலும் மூன்று பெருந்தாக்குதல்கள் நடந்தன. ஜூலை 27 இல் 787 விமானங்கள் சென்றன, 17 வீழ்ந்தன. 29 இல் 777 சென்றன; 28 வீழ்ந்தன. ஓகஸ்ட் 2 இல் 740 சென்றன, 30 வீழ்ந்தன. நூற்றுக்கு ஒன்றரை என்று தொடங்கிய இழப்பு இரண்டைக் கடந்து, மூன்றரையைத் தாண்டி, நான்காயிற்று. கடைசி இரவில் கடும் இடிமழை இருந்தமையால் அவ்விரவின் எண்ணை மற்றவற்றோடு அப்படியே ஒப்பிடலாகாது. வினாத்தாள் கடினமான ஆண்டின் புள்ளிகளை எளிதான ஆண்டின் புள்ளிகளோடு ஒப்பிடலாகாது என்பது போன்ற எச்சரிக்கை இங்கும் வேண்டும். எனினும் ஏறுமுகம் தெளிவு. எதிரி கற்றுக்கொண்டிருந்தான். எரியும் நகரின் வெளிச்சத்திலும் தேடொளியிலும் கண்ணாற் கண்டு தாக்கும் முறையை ஜேர்மானியர் விரிவாக்கினர். கண்ணுக்கு முன் கடதாசி என்ன செய்யும்?

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர்கள் எஸ்.என். 2 என்னும் புதிய ரேடாரை இரவுப்போர் விமானங்களிற் பொருத்தலாயினர். அதன் அலைநீளம் மூன்று மீற்றருக்கும் மேல். 27 சென்ரிமீற்றர்க் கீற்று அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு பொருட்டாகவில்லை. 1944 மார்ச் 30 ஆம் நாள் இரவு நியூரம்பேர்க் நோக்கிச் சென்ற 795 விமானங்களுள் 95 திரும்பவில்லை. அன்று நிலவொளி இருந்தது, பாதை நீண்டு நேராக இருந்தது, காரணங்கள் பல. ஆயினும் ஒரு காலத்தில் 12 என்றிருந்த எண், ஓராண்டும் நிறையுமுன் 95 ஆனதைக் கண்டு எவரும் சிந்தித்தே ஆகவேண்டும். அந்தப் புதிய ரேடாரின் இரகசியம் பிரித்தானியருக்குத் தெரிந்தது, 1944 ஜூலை 13 இல், ஜேர்மன் விமானி ஒருவன் வழிதவறி இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் விமானத்தளத்தில் இறங்கிய பின்னரே. அதன்பின் கீற்றுகளும் நீண்டன.

நேயர்களே, இவற்றிலிருந்து மூன்று உண்மைகளை நாம் உணரலாம். திரையில் எவ்வளவு வெண்மை படர்ந்தது என்பது முதற்படி அளவு மட்டுமே. திரையின்முன் இருந்தவன் அதனாற் செய்தது யாது, செய்யாது விட்டது யாது என்று அறிந்தாலன்றி மதிப்பீடு நிறைவுறாது. இரண்டாவது, மறைப்பின் பயன் நாளுக்கு நாள் தேய்வது; ஆகவே நேற்றைய அளவை வைத்துக்கொண்டு இன்று ஒருவனை அனுப்புதல் அவனுடைய உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவதே என்னை இப்பேச்சுக்குத் தூண்டியது. நூற்றுக்கு ஒன்றரை, நூற்றுக்கு இரண்டு என்று சொன்னேனே, அந்த எண்கள் திரும்பிவராத விமானங்களை எண்ணியவை. ஜூலை 27 ஆம் நாள் இரவு, விமான இழப்பு நூற்றுக்கு இரண்டளவில் நின்ற அதே இரவு, ஹம்பர்க் நகரிலே தனித்தனித் தீக்கள் ஒன்றுகூடிப் பெரும் நெருப்புப் புயலாக எழுந்தன. அந்தத் தாக்குதல்களில் மாண்ட நகரமக்கள் 30,000க்கும் மேற்பட்டோர். பெண்கள், முதியவர், பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் 'விண்டோ'வின் பெறுபேற்றுத் தாளில் இடம்பெறவில்லை. தாளை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட வினா வேறு. விமானிகளைக் காப்பாற்றியதா என்று கேட்டார்கள்; காப்பாற்றியது என்று விடை வந்தது. எரிந்த நகரத்தைப் பற்றி அந்த வினாவில் ஒரு சொல்லும் இல்லை.

ஆதலால் யாரேனும் ஓர் எண்ணை உங்கள்முன் வைத்து, இந்த உபாயம் வெற்றி என்று கூறுவாராயின், எண் சரியா என்று மட்டும் கேட்டு அமைந்துவிடாதீர்கள். யாரை எண்ணினீர்கள், யாரை எண்ணாது விட்டீர்கள் என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்கப் பழகிய பிள்ளைகளை வளர்ப்பதே எங்களைப் போன்ற ஆசிரியரின் கடமை என்று எண்ணுகின்றேன்.