ஒரு பொருள், பல பெயர்: தேடுவோர் கண்ணில் படும் வணிகம்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடி என்னும் ஊர் ஒன்றே. அதன் பெயரோ பல கோலங்களில் உலவுகின்றது. ஊர்மக்கள் தூத்துக்குடி என்கின்றனர். ஐரோப்பியர் நாவில் அது டூட்டிகோரின் ஆயிற்று. கப்பல் சரக்குத் தாள்களில் ஐ.என்.டி.யூ.டி. என்னும் ஐந்தெழுத்துக் குறியீடு. வானூர்தி நிலையத்திற்கு டி.சி.ஆர். என்னும் மூன்றெழுத்து, தொடர்வண்டி நிலையத்திற்கோ டி.என். என்னும் இரண்டே எழுத்து. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இவ்வூர்த் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 2020 ஜூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. டூட்டிகோரினும் அப்பட்டியலில் இருந்தது. மாற்றிய எழுத்தமைப்பைக் குறித்து எழுந்த கருத்து வேறுபாடுகளால் சில நாள்களுக்குள்ளாகவே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

புலவர்க்கு இஃது எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல். வணிகர்க்கோ வாடிக்கையாளர் வருவதும் வராததுமாகிய சிக்கல். வெளிநாட்டிலிருந்து உப்பு வாங்க விழையும் ஒருவர், தம் கையிலுள்ள கப்பல் தாளில் கண்டபடி டூட்டிகோரின் என்றே தட்டச்சு செய்து தேடுவார். பாளையங்கோட்டையிலிருந்து தேடுபவர் 'டி.எச்.' என்று தொடங்கும் ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ தேடுவார். இவ்விரண்டும் ஓர் ஊரே என்பதைத் தேடுபொறி இன்று பெரும்பாலும் அறியும். ஆயினும், இணையதளத்தின் முகப்பில் இரு பெயரும் இயல்பாக இடம்பெறுமாயின் ஐயத்திற்கு இடமிராது. "தூத்துக்குடி (டூட்டிகோரின்) துறைமுகத்திற்கு அருகில்" என்னும் ஒரு தொடரே போதும். செலவில்லாத இச்சிறு செயலைச் செய்யாமல், பெருந்தொகை கொடுத்துத் தளம் அமைத்துவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று வருந்தும் நிறுவனங்கள் பல.

தேடுபொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சுருங்கக் காண்பது நலம். முதலில் அதன் நிரல்கள் இணையப் பக்கங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புகளின் வழியே சென்று படிக்கின்றன. அடுத்து, படித்தவற்றை நூலின் பின்னிணைப்பில் காணும் சொல்லடைவு போல் அடுக்கி வைக்கின்றன. பின்னர், ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, பொருத்தமும் நம்பகமும் உடைய பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. லாரி பேஜ், செர்கெய் பிரின் என்னும் இரு ஆய்வு மாணவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறையின் அடிக்கருத்து தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. உரையாசிரியர் பலரும் எடுத்தாளும் நூலுக்கு மதிப்பு மிகுதி. மதிப்பு மிக்க உரையாசிரியர் எடுத்தாண்டால் அதனினும் மிகுதி. அவ்வாறே, பிற தளங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டும் பக்கம் உயர்கின்றது. சுட்டும் தளம் தகுதியுடையதாயின் மேலும் உயர்கின்றது. இன்று இதனுடன் வேறு பல அளவைகளும் சேர்ந்துவிட்டன. எனினும் சான்றோர் சுட்டினால் மதிப்பு என்னும் அந்த அடிப்படை மாறவில்லை.

இனி, தேடும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுதல் வேண்டும். செய்தியின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

மண்டல புருடர் என்னும் சமணப் புலவர் இயற்றிய சூடாமணி நிகண்டு, அச்சுப் பள்ளி நூல்கள் பெருகும் முன்னர்த் தமிழ்ச் சிறார் மனப்பாடம் செய்த நூல்களுள் ஒன்று. ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களை அது தொகுத்துரைக்கும். ஒரு சொல் குறிக்கும் பல பொருள்களை அதன் பதினோராம் தொகுதி அடுக்கித் தரும். முத்துக்கு நித்திலம் என்றும் தரளம் என்றும் ஆரம் என்றும் பெயர் உண்டு. ஆரம் எனின் மாலையும் ஆகும், சந்தனமும் ஆகும். தேடுபொறி இன்று கணினிக்குள் செய்ய முயல்வது ஏறத்தாழ இந்நிகண்டு வேலையையே. ஆகவே தளம் அமைக்கும் வணிகர் முதலில் செய்யத்தக்கது, தம் பொருளுக்குத் தாமே ஒரு சிறு நிகண்டு எழுதிக்கொள்வதாகும்.

எடுத்துக்காட்டாகக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கொள்ளலாம். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கரிசல் நிலத்து நிலக்கடலை, வெல்லப்பாகு, தாமிரவருணி நீர் ஆகியவற்றால் அதன் சுவை அமைகின்றது என்பர். அதனைத் தென்னகத்தார் 'கடலை மிட்டாய்' என்று இடைவெளி விட்டும் விடாமலும் எழுதுவர். மும்பையிலும் அகமதாபாத்திலும் இருப்போர் 'சிக்கி' என்றே அறிவர். லோணாவளாச் சிக்கியை உண்டு பழகிய நாவினர் அவர்கள். கடலைமிட்டாய் என்னும் சொல்லையே கேட்டறியாத ஒருவர் அச்சொல்லைத் தேடுதல் எங்ஙனம்? "வடபுலத்தில் சிக்கி என வழங்கும் பண்டம்" என ஒரு வரி பக்கத்தில் இருப்பின், அச்சொல்லைத் தேடி வருபவர்க்கும் கதவு திறந்திருக்கும்.

உடன்குடிப் பனங்கருப்பட்டியின் நிலையும் இதுவே. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிட்டியது. தமிழாசிரியர் கருப்புக்கட்டி என்று திருத்தி எழுத விரும்புவர். மக்கள் வாயில் அது கருப்பட்டி. சென்னைக் கடைகளில் பனைவெல்லம், யாழ்ப்பாணத்தாருக்குப் பனங்கட்டி. இலண்டனிலும் டொரொண்டோவிலும் வாழும் ஈழத்தமிழர் தம் பாட்டியின் நினைவோடு பனங்கட்டி என்றுதான் தேடுவர். இலக்கணம் திருத்தும் ஆசை இவ்விடத்தில் சற்று அடங்கியிருத்தல் நன்று. வாங்குபவர் எச்சொல்லால் கேட்கின்றாரோ அச்சொல்லால் விடை கூறுவதே அங்காடி மரபு.

இதில் ஒரு கவலையும் உண்டு. புவிசார் குறியீடு பெயரைச் சட்டத்தால் காக்கும்; தேடுபொறி அச்சட்டச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. கரிசல் மண்ணைக் கண்டறியாத ஓர் ஊரில் செய்த மிட்டாய்க்குக் கோவில்பட்டிப் பெயரைச் சூட்டி, நல்ல தளம் ஒன்றை அமைத்துவிட்டால், அது முன்னே நிற்கவும், அடுப்பின் முன் பாகு காய்ச்சும் குடும்பம் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கவும் கூடும். பெயருக்குரியவர் இணையத்தில் வாய்திறவாதிருப்பின், அப்பெயரால் வரும் வருவாய் பிறர் கைக்குப் போகும். எனவே பாகு எந்தப் பதத்தில் இறக்கப்படுகின்றது, கடலை எங்கிருந்து வருகின்றது, எத்தனை நாள் கெடாது என்பனவற்றைச் செய்பவரே தம் சொல்லில் எழுதி வைக்க வேண்டும். உண்மையில் செய்பவர்க்கே அது தெரியும். பெயரை மட்டும் எடுத்தாண்டவர்க்கு எழுத ஒன்றும் இராது.

எழுதுவது எவ்வெழுத்தில் என்பதும் கருதத்தக்கது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகவே கிடக்கும். தேடுபொறி அதைத் தமிழாகப் படிக்கவியலாது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதன்பின்னும் விலைப்பட்டியலைப் பழைய எழுத்துருவில் அடித்து அதனைப் படமாக்கித் தளத்தில் ஒட்டும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எப்போதும் நன்கு படித்துவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. கடையின் பெயர், பொருள், விலை, தொலைபேசி எண் ஆகியவை ஒருங்குறி எழுத்தாகவே அமைதல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கத்திற்கும் 'முகப்பு' என்றே தலைப்பிடுவது, கடைத்தெருவில் எல்லாக் கடைக்கும் 'கடை' என்று பலகை மாட்டுவதை ஒக்கும்.

விளம்பரத்திற்குப் பணம் கட்டினால் போதாதோ என்று கேட்பவர் உளர். இவ்வூர் வரலாறே அதற்கு விடை கூறும். வ.உ.சி. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி தூத்துக்குடி-கொழும்புப் பயணக் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றியது. ஏறியவர்க்குக் குடையும் கொடுத்தது என்பர். இன்றைய மொழியில் கூறுவதாயின், அது பணம் கொடுத்து வாங்கிய வருகை. குடை கொடுப்பது நின்றால் கூட்டமும் நிற்கும். தேடலில் விளம்பரமும் அத்தகையதே: கட்டணம் தீர்ந்த அன்றே தளம் மறைந்துவிடும். பணத்தால் வாங்க இயலாத இயல்பு வரிசையில் பெற்ற இடம், விளம்பரம் நின்ற பின்னும் நிலைக்கும். ஆனால், மக்களின் அன்பு மட்டும் கப்பலை ஓட்டிவிடாது என்பதையும் அதே வரலாறு காட்டுகின்றது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911இல் சங்கம் கலைந்தது. கையில் முதல் இன்றி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க எவராலும் இயலாது. இயல்பு வரிசையில் இடம் பெறுவதற்குப் பல திங்கள் ஆகும். அதுவரை சிறு அளவில் விளம்பரம் செய்வதில் பிழையில்லை.

குறுக்கு வழிகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். "முப்பதே நாளில் கூகுளில் முதலிடம்" என்று உறுதி கூறி முன்பணம் பெறுவோர் பெருகிவிட்டனர். முதலிடத்திற்கு எவரும் உறுதி கூறவியலாது எனக் கூகுள் நிறுவனமே எழுதி வைத்துள்ளது. ஒரே சொல்லைப் பக்கம் முழுதும் அடுக்குவதும், பிறர் எழுத்தைப் படியெடுப்பதும், இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் ஒரு காலத்தில் பலித்தன. 2011இல் 'பாண்டா' என்றும் 2012இல் 'பெங்குவின்' என்றும் பெயரிட்ட மாற்றங்கள் அவற்றை வீழ்த்தின. அமெரிக்காவின் பெருங்கடையாகிய ஜே.சி.பென்னியே, தொடர்பில்லாத தளங்களிலிருந்து தனக்கு ஏராளமான இணைப்புகள் இடப்பட்டிருந்தமை 2011இல் நாளிதழ் ஒன்றில் வெளியானதும், வரிசையில் பாதாளத்துக்குச் சரிந்தது. பெருங்கடை எழுந்துவிடும், மேலரத வீதிச் சிறுகடை எழுதல் அரிது.

நகை வணிகர்க்கு இங்கு ஒரு தனிச் சோதனை உண்டு. முத்துநகர் என்னும் பெயரால் இவ்வூரில் முத்துத் தேடுவோர் இன்றும் உளர். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பார்களில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973இல் இவ்வூரிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் வளர்ப்பு முத்து உண்டாக்கும் முறை வெற்றி கண்டது. ஆகவே, 'தூத்துக்குடிக் கடலில் இன்று எடுத்த இயற்கை முத்து' என்று எழுதினால் தேடுவோர் வருவர். வந்தவர் விவரம் அறிந்தவராயின் கடையின் மீதே ஐயுறுவர். மாறாக, முத்துக்குளிப்பின் வரலாற்றையும், இயற்கை முத்துக்கும் வளர்ப்பு முத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், தாம் விற்பது எவ்விடத்து முத்து என்பதையும் விளக்கி எழுதிய பக்கம் ஒன்று, மாணவரும் சுற்றுலாப் பயணியரும் எடுத்துக்காட்டும் பக்கமாக வளரும். இணைப்புகள் தாமே வரும்.

தளத்தின் முகவரியை மாற்றுவோர்க்குக் கொற்கை ஒரு பாடம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு, கொற்கையைக் கொல்கி என்று குறித்து, அங்கு முத்துக்குளிப்பு நடைபெறுவதையும் உரைக்கின்றது. தாலமியும் அப்பெயரைக் குறித்தார். தாமிரவருணி கொணர்ந்த மணலால் கடல் பின்வாங்கிற்று. கொற்கை உள்நாட்டூர் ஆயிற்று. வணிகம் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. பழைய கையேட்டை நம்பி வந்த கப்பலுக்கு எவரும் வழி சொல்லியிருக்க மாட்டார். இணையத்தில் வழி சொல்ல ஏற்பாடு உண்டு. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தர வழிமாற்றத்திற்கு 301 என்று குறியெண். தளத்தைப் புதுப்பிக்கும்போது அதனை அமைக்க மறந்தால், பல்லாண்டு ஈட்டிய மதிப்பு மணலில் புதைந்துபோகும். தளம் அமைத்துத் தருபவரிடம் இவ்வொரு கேள்வியையேனும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

எஞ்சியவை எளியன. தேடுவோர் பெரும்பாலும் கைப்பேசியில் தேடுகின்றனர். எனவே தளம் கைப்பேசியில் விரைந்து திறக்க வேண்டும். 'சர்ச் கன்சோல்' என்னும் இலவசக் கருவி, எச்சொற்களைத் தேடியவர்க்குத் தம் தளம் காட்டப்பட்டது என்பதைப் பட்டியலிட்டுத் தரும். திங்களுக்கு ஒருமுறை அதைப் பார்த்துத் தம் சிறு நிகண்டில் புதுச்சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிதலும் இலவசமே. பொருத்தம், தொலைவு, பெயர் பெற்றிருத்தல் ஆகிய மூன்றையும் வைத்தே அருகிலுள்ள கடைகள் அங்கு வரிசைப்படுகின்றன. கடையின் பெயரும் முகவரியும் பலகையில் ஒன்று, ரசீதில் ஒன்று, வரைபடத்தில் ஒன்று என்றிராமல் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். திருவிழா நாள்களில் கடை அடைப்பதாயின், அதனையும் சிறப்பு நேரம் என்னும் பகுதியில் முன்னதாகவே குறித்து வைக்கலாம். வரைபடத்தை நம்பித் திருச்செந்தூரிலிருந்து பேருந்தேறி வரும் ஒருவர், அடைத்த கதவின் முன் வெயிலில் நிற்க நேராது.