விரல் வைக்கும் இடம்

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில் எங்கள் தெருச் சிறுவர்க்கு யுகுலேலே என்னும் நாலு தந்தி வாத்தியம் பழக்கி வருகிறேன். சுரம் எழுதித் தந்தால் ஒலி எதுவென்று விளங்கும். விரலை எங்கே வைப்பதென்று விளங்காது. இந்த இடர் புதிதன்று. சுரத்தை மட்டும் எழுதினால் போதாதென்றே, 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கும் குறிகள் இட்டார்.

இன்று மியூஸ்ஸ்கோர் என்னும் கணினி நிரல், சுரக்குறிப்பை விரற்குறிப்பாகவும் மாற்றித் தருகிறது. நான்கு கோடுகள் நான்கு தந்திகள். கோட்டின்மேல் உள்ள எண், அழுத்தவேண்டிய மெட்டு. சுழியமெனில் விரல் வையாமல் மீட்டுவது. சி என்னும் கார்டுக்கு 0, 0, 0, 3. கார்டுப் படத்திலோ தந்திகள் நிமிர்ந்து நிற்கும், விரலிடத்தில் புள்ளி.

ஆனால் தந்திகளின் சுருதியை முதலில் சொல்லியாக வேண்டும். யுகுலேலேயின் நான்காம் தந்தி வழக்கமாக மூன்றாவதைவிட உச்சம். அதைத் தாழ்வென்று குறித்தால் எண்கள் இடம் மாறிவிடும். ஆசான் அருகில்லாத பிள்ளை அவற்றையே நம்பி வாசிப்பான்.